நீல் பிராங்கிளினும் 12 பவுண் விதியும்

உதைபந்தாட்ட வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோல் அடித்தோரின் பெயர்களையே தேடித் தொகுப்பர். அதில் வியப்பில்லை. அடித்த கோலுக்குக் கணக்கு உண்டு. நாளும் நிமிடமும் குறிக்கப்பட்ட சான்று உண்டு. தடுத்த கோலுக்கோ எந்த ஏட்டிலும் பதிவு இல்லை. பின்காவலர் தம் கடமையைச் செம்மையாகச் செய்த நாளில் எதுவும் நிகழாதது போலவே தோன்றும். ஆதலின் அவருடைய பெருமையை அவர் ஆடிய நாட்களைக் கொண்டு அளப்பது அரிது. அவர் இல்லாத நாட்களைக் கொண்டே ஒருவாறு ஊகித்தல் கூடும்.

இவ்வாறு, இல்லாமையால் அறியப்பட்ட பின்காவலருள் இங்கிலாந்தின் நீல் பிராங்கிளின் தலையாயவர். இரண்டாவது உலகப் போர் முடிந்தபின் 1946 செப்ரெம்பர் 28 ஆம் நாள் பெல்பாஸ்ற் நகரில் வட அயர்லாந்தை எதிர்த்து இங்கிலாந்து ஆடிய முதலாவது ஆட்டந் தொடங்கி, 1950 ஏப்பிரலில் கிளாஸ்கோ நகரில் ஸ்கொத்லாந்தை வென்ற ஆட்டம் வரை அந்நாடு 27 சர்வதேச ஆட்டங்களில் இறங்கியது. இருபத்தேழிலும் நடுக்காவலர் அவரே. ஒன்றேனும் தவறவில்லை. அதன்பின் அவர் இங்கிலாந்துக்கு ஒருபோதும் ஆடவில்லை. அப்போது அவருக்கு வயது 28.

காரணம் யாவரும் அறிந்ததே. அவ்வாண்டு மே மாதத்தில், உலகக் கிண்ணப் போட்டிக்கு இங்கிலாந்து அணி பிரேசிலுக்குப் புறப்பட இருந்த வேளையில், பிராங்கிளின் தென் அமெரிக்காவின் வேறொரு நாடாகிய கொலம்பியாவுக்குச் சென்று, பொகோற்றா நகரின் சாந்தா பே கழகத்தில் சேர்ந்தார். நாட்டைக் கைவிட்டார், பணத்தாசைக்கு இரையானார் என்று அக்காலத்துப் பத்திரிகைகள் பழித்தன. இப்பழியை அப்படியே ஏற்று எழுதினோரும் உளர். பிற்காலத்தில் அதனை முற்றும் மறுத்து, அவரைத் தொழிலாளர் உரிமைக்காக உயிர்விட்ட தியாகி போலச் சித்திரித்தோரும் உளர். இரண்டும் உண்மைக்குச் சற்றுத் தொலைவிலேயே நிற்கின்றன என்பது என் கருத்து. அவர் சென்றது ஏன் என்பதை அறிய, அவரைக் கட்டிவைத்த விதிகளை முதலில் அறிதல் வேண்டும்.

கொர்னேலியஸ் என்ற இயற்பெயருடைய பிராங்கிளின் 1922 சனவரி 24 ஆம் நாள் ஸ்ரோக்-ஒன்-திரெந்த் நகரத்தில் பிறந்தார். இங்கிலாந்தின் மட்பாண்டத் தொழில் அங்கேயே குவிந்திருந்தது. ஆறு சிற்றூர்கள் சேர்ந்து ஒரு நகரான இடம் அது. சூளைப் புகைக்கும் உதைபந்தாட்டத்துக்கும் ஒருங்கே பெயர்போனது. ஸ்ரான்லி மத்தியூஸ் பிறந்த மண்ணும் அதுவே. பிராங்கிளின் இளமையிலேயே ஸ்ரோக் சிற்றிக் கழகத்தின் மைதானப் பணியாளராகச் சேர்ந்து, 1939 இல் 17 வயதில் தொழில்முறை ஆட்டக்காரராக ஒப்பமிட்டார். அதே ஆண்டில் போர் மூண்டது. விமானப் படையிற் சேவை செய்தவாறே போர்க்கால ஆட்டங்களில் அவர் ஏராளமாக ஆடினார். எனினும் அவ்வாட்டங்கள் லீக் ஏட்டில் ஏறா. ஏட்டின்படி அவருடைய லீக் வாழ்வு 1946 இலேயே தொடங்குகின்றது. அவ்வாறு நோக்கின், உயர்ந்த தரத்தில் அவருக்குக் கிடைத்தவை நான்கே பருவங்கள். ஒரு தலைமுறை ஆட்டக்காரர் யாவருக்கும் நேர்ந்த இழப்பு இது. இருபதுக்கும் இருபத்துநான்குக்கும் இடைப்பட்ட ஆண்டுகளை இழந்த ஒருவர், எஞ்சியவற்றை விலைமதித்துப் பார்த்தலை நாம் இலேசாக இகழ்தல் ஆகாது.

அவருடைய ஆட்டத்தின் தனித்தன்மையை விளக்க, ஆட்டவிதி ஒன்றின் வரலாற்றைச் சிறிது சொல்ல வேண்டும். 1925 ஆம் ஆண்டு வரை, பந்து தம்மை நோக்கி அடிக்கப்படும்போது முன்னணி ஆட்டக்காரர் ஒருவருக்கும் எதிரணியின் கோல் எல்லைக்கும் இடையில் எதிரணியினர் மூவரேனும் இருத்தல் வேண்டும்; இன்றேல் ‘ஓவ்சைட்’ எனத் தண்டிக்கப்படுவார். அவ்வாண்டில் மூவர் என்பது இருவர் எனக் குறைக்கப்பட்டது. கோல்கள் திடீரெனப் பெருகின. பெருக்கத்தை அடைக்க, அதுவரை ஆடுகளத்தின் நடுவே நின்று தாக்குதலுக்கும் காப்புக்கும் பாலமாயிருந்த ‘சென்ரர் ஹாவ்’ என்னும் நடுக்காவலரைப் பின்னே இழுத்து, இரு பின்காவலருக்கும் இடையில் மூன்றாமவராக நிறுத்தினர். ஹேர்பேட் சப்மன் நடத்திய ஆர்செனல் கழகத்தில் ரொபேட்ஸ் என்பவர் இவ்விடத்துக்கு இலக்கணமாக விளங்கினார். எதிரணியின் மத்திய முன்னணியாளரை நிழல்போல் தொடர்தல், வந்த பந்தைத் தலையாலோ காலாலோ தொலைவுக்கு விரட்டுதல், இவையே அவர் தொழில். உயரமும் உடல்வலியும் இருந்தாற் போதும், நயம் வேண்டியதில்லை என்ற எண்ணம் இங்கிலாந்தில் வேரூன்றிற்று. நம் பாடசாலை மைதானங்களிலும் இவ்வெண்ணம் நெடுங்காலம் நிலவியது. வகுப்பில் மிக உயர்ந்த மாணவனைத் தேடிப்பிடித்து அவ்விடத்தில் நிறுத்திய பயிற்றுநரை நாம் அறிவோம்.

பிராங்கிளின் அப்படிப்பட்ட வெறும் தடுப்பாளர் அல்லர். பந்தைப் பறித்தபின் அதனை விரட்டாது, அடக்கி, தலைநிமிர்ந்து நோக்கி, தம் அணியினர் ஒருவரின் காலடிக்கு அனுப்புவதையே அவர் விரும்பினார். எதிரியின் மேல் மோதி வீழ்த்துவதிலும், அவர் செல்லவிருக்கும் இடத்தை முன்னரே உணர்ந்து அங்கே நிற்பதையே திறமையெனக் கொண்டார். சொந்தக் கோலுக்கு அருகிலேயே அவர் நிதானமாகப் பந்தை விளையாடுவது கண்டு ஸ்ரோக் இரசிகர் நெஞ்சு பதைத்தனராம். பின்னாளில் பொபி மூர், பெக்கன்பவர் போன்றோர் பின்வரிசையிலிருந்து ஆட்டத்தைக் கட்டி எழுப்பிய முறைக்கு இங்கிலாந்தில் ஒரு முன்னோடி தேடுவோமாயின் பிராங்கிளினையே காட்டவேண்டும்.

அவர் நடுவில் நிற்க, வலப்புறம் வூல்வர்ஹம்ரன் கழகத்துப் பில்லி றைற் நிற்க, முன்னே மத்தியூஸ், ரொம் பின்னி, லோட்டன், மனியன் முதலியோர் ஆட, போருக்குப் பிந்திய அந்த இங்கிலாந்து அணி 1947 மே மாதத்தில் லிஸ்பனில் போர்த்துக்கலை 10-0 என்றும், 1948 மே மாதத்தில் துரின் நகரில் இத்தாலியை 4-0 என்றும் வென்றது. அன்றைய இத்தாலி இருமுறை உலகக் கிண்ணம் வென்ற நாடு. நான்கு கோல்கள் அடித்தமையைப் பலரும் எழுதினர்; அத்தகைய அணி தன் சொந்த மண்ணில் ஒரு கோலும் அடிக்காமற் போனமையை எழுதியோர் சிலரே.

கழக ஆட்டத்திலும் ஸ்ரோக் ஒருமுறை சிகரத்தின் விளிம்புவரை சென்றது. கடும் பனியால் நீண்டுபோன 1946-47 பருவத்தின் கடைசி ஆட்டத்தில், யூன் 14 ஆம் நாள், ஷெபீல்ட் யுனைற்றெட் கழகத்தை வென்றிருப்பின் ஸ்ரோக் சிற்றி லீக் வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றிருக்கும். 2-1 எனத் தோற்று நான்காம் இடத்துக்குச் சென்றது; லிவர்பூல் வெற்றிவாகை சூடியது. அதற்கு ஒரு மாதம் முன்னரே மத்தியூஸைக் கழகம் பிளக்பூலுக்கு 11,500 பவுணுக்கு விற்றுவிட்டது. வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில் தன் தலைசிறந்த ஆட்டக்காரரை விற்ற கழகத்தின் மதியை என்னென்பது! பிராங்கிளினுக்கும் கழகத்தின்மேல் மனக்கசப்பு வளர்ந்தது. வேறு கழகத்துக்கு மாற விரும்பினார். விருப்பம் நிறைவேறவில்லை.

ஏன் நிறைவேறவில்லை? விலகிச் செல்ல விரும்பும் ஊழியர் விலகிச் செல்வதுதானே உலக வழக்கு? இங்கேதான் நாம் விதிகளுக்கு வருகின்றோம்.

இங்கிலாந்தின் தொழில்முறை ஆட்டக்காரரை இரு தளைகள் பிணித்திருந்தன. ஒன்று அதிகூடிய சம்பள வரம்பு. 1901 இல் வாரம் 4 பவுண் என வகுக்கப்பட்ட அவ்வரம்பு, 1947 இல் நடுவர் மன்றத் தீர்ப்பின்படி ஆட்டப் பருவத்தில் 12 பவுண், கோடையில் 10 பவுண் என உயர்ந்தது. வெற்றிக்கு 2 பவுணும் சமநிலைக்கு 1 பவுணும் மேலதிகம். மத்தியூஸ் ஆயினும், பெயரறியாப் பின்வரிசையாளர் ஆயினும் உச்சம் அதுவே. ஆண்டு முழுதும் கூட்டினால் ஏறத்தாழ 600 பவுண். சாதாரணத் தொழிலாளியின் வருவாயிலும் இது மிகுதிதான். அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆனால் ஆலைத் தொழிலாளி அறுபது வயதுவரை உழைப்பார். ஆட்டக்காரர் முப்பத்தைந்தில் ஓய்ந்துவிடுவார். முழங்கால் முறிந்தால் அதற்கும் முன்னே. மேலும், 1948-49 பருவத்தில் லீக் ஆட்டங்களைக் கண்டோர் தொகை 4 கோடியே 10 இலட்சத்துக்கு மேல். 1946 மார்ச் 9 ஆம் நாள் போல்ற்றன் நகரின் பேண்டன் பார்க் மைதானத்தில் ஸ்ரோக் சிற்றி கிண்ண ஆட்டம் ஆடியபோது, அளவு கடந்து திரண்ட கூட்டத்தின் நெரிசலில் 33 பேர் மாண்டனர். உடல்கள் கோட்டோரம் கிடத்தப்பட்டிருக்க ஆட்டம் மீண்டும் தொடங்கி நடத்தி முடிக்கப்பட்டது. அன்று ஆடியோருள் பிராங்கிளினும் ஒருவர். அத்துணை மக்கள் செலுத்திய நுழைவுப் பணம் எங்கே சென்றது என்று ஆட்டக்காரர் வினவியதில் தவறு உண்டோ? சம்பளத் திட்டங்களின் தன்மையை ஆசிரியப் பெருமக்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது தளை முதலாவதிலும் வலியது. ஆட்டக்காரரின் ஒப்பந்தம் ஓராண்டுக்கே உரியது. ஆனால் அவருடைய பதிவு கழகத்தின் உடைமை. ஒப்பந்தம் முடிந்தபின்னும் ‘தக்கவைத்துக் கொள்ளப்பட்டோர்’ பட்டியலில் அவர் பெயரைக் கழகம் சேர்த்துவிட்டால், அவர் லீக்கின் வேறெந்தக் கழகத்திலும் ஆடமுடியாது. கழகம் அவருக்குச் சம்பளம் கொடுக்காமலே வைத்திருக்கவும் கூடும். விற்க விரும்பினால் விலை கழகத்துக்குச் செல்லும். ஆட்டக்காரருக்கு ஒப்பமிடும் கட்டணம் 10 பவுண். 1912 இல் கிங்கபி என்னும் ஆட்டக்காரர் அஸ்ரன் வில்லாக் கழகத்தின்மேல் வழக்குத் தொடுத்துத் தோற்றார். அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இவ்விதியை எவரும் நீதிமன்றில் அசைக்கவில்லை. இரு தளைகளையும் ஒருங்கே நோக்குக: உள்ளே இருந்தால் சம்பளம் உயராது; வெளியே செல்லக் கதவும் திறவாது. லீக்கின் ஆணை செல்லாத ஒரு நாடு இருந்தாலன்றி வழியில்லை.

1950 இல் அத்தகைய நாடு ஒன்று இருந்தது. கொலம்பியாவில் 1948 ஏப்பிரலில் கைத்தான் என்னும் அரசியல் தலைவர் கொல்லப்பட, தலைநகரம் தீக்கிரையாயிற்று. அதே ஆண்டிலேயே அந்நாட்டின் தொழில்முறை லீக்கும் தொடங்கிற்று. உள்நாட்டுச் சம்மேளனத்தோடு பிணங்கிய அந்த லீக், சர்வதேசச் சம்மேளனமாகிய பீபாவின் ஆட்சிக்குப் புறம்பாயிற்று. புறம்பாயின் நன்மையும் உண்டு: பிறநாட்டுக் கழகங்களுக்கு மாற்றுத் தொகை செலுத்தாமலே ஆட்டக்காரரை அழைத்துக்கொள்ளலாம். சம்பளப் பிணக்கால் 1948 இல் வேலைநிறுத்தம் செய்த ஆர்ஜென்ரீன ஆட்டக்காரர் பலர் அங்கே சென்றனர். மில்லொனாறியோஸ் கழகம் 1949 இல் பெடர்னேராவையும் அல்பிரெடோ டி ஸ்ரெபானோவையும் பெற்றது. அதன் போட்டிக் கழகமாகிய சாந்தா பே, நாட்டின் முதலாவது லீக் வெற்றியாளர். அக்கழகத்தின் கண் இங்கிலாந்தின்மேற் சென்றது.

பிராங்கிளினும் ஸ்ரோக் கழகத்தின் மற்றோர் ஆட்டக்காரரான ஜோர்ஜ் மவுண்ட்போட்டும் மே மாதத்தில் புறப்பட்டனர். உலகக் கிண்ண அணியில் தாம் சேரவியலாது என்பதற்கு, மனைவி கருவுற்றிருப்பதையே பிராங்கிளின் இங்கிலாந்துச் சங்கத்துக்குக் காரணமாகச் சொன்னார். மனைவி கருவுற்றிருந்தது மெய். ஆனால் அதே மனைவியுடன் கடல் கடக்கத் திட்டமிட்டிருந்ததை அவர் சொல்லவில்லை. அவர்பால் பரிவுடைய எழுத்தாளர் இதனை விரைவாகக் கடந்து செல்வர். விதி அநீதியானது என்பதால் அவ்விதிக்குட்பட்டவர் சொன்னவை எல்லாம் நீதியாகிவிடா.

அவர் தொழிலாளர் கொடி பிடித்துச் சென்றவரும் அல்லர். சங்கத்தைக் கலந்து சென்றாரில்லை. பிற ஆட்டக்காரரைத் திரட்டினாரில்லை. தமக்கும் தம் குடும்பத்துக்கும் நல்வாழ்வு தேடிச் சென்றார். அவருக்குப் பின்னே மான்செஸ்ரர் யுனைற்றெட்டின் சார்லி மிற்றன் முதலிய சிலரும் பொகோற்றாவுக்குச் சென்றனர். அவரவர் தனித்தனியே பேரம் பேசிச் சென்றனரேயன்றி இயக்கமாகச் சென்றாரில்லை. ஆயினும் இங்கிலாந்தில் எவரும் கொடுக்கவியலாத ஊதியத்தை வேறு நாட்டுக் கழகம் ஒன்று கொடுக்க முன்வந்தது என்ற ஒரு செய்தியே, 12 பவுண் என்பது ஆட்டக்காரரின் மதிப்பு அன்று, விதியின் மதிப்பு மட்டுமே என்பதை யாவருக்கும் வெளிப்படுத்திவிட்டது. கழகங்களின் கடுஞ்சினத்துக்கு இதுவே மெய்க்காரணம் என எண்ணுகின்றேன்.

பொகோற்றா அவருக்கு ஒத்துவரவில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,600 மீற்றர் உயரத்திலுள்ள நகரம் அது, மெல்லிய காற்று, அறியாத மொழி, அரசியற் கலவரமும் ஊரடங்குச் சட்டமும் வேறு. மகப்பேறு நெருங்கிய மனைவியுடன் அங்கே இருத்தல் இயலாது எனக் கண்டார். ஆறு ஆட்டங்கள் ஆடியபின், இரு மாதங்கள் அளவில் இங்கிலாந்துக்குத் திரும்பினார். மவுண்ட்போட்டும் மிற்றனும் பருவம் முடியும்வரை இருந்தனர். மிற்றனுக்குத் திரும்பியபின் 250 பவுண் தண்டமும் ஆறுமாதத் தடையும் விதிக்கப்பட்டன. மான்செஸ்ரர் அவரைப் புல்ஹம் கழகத்துக்கு விற்றது.

பிராங்கிளின் திரும்பியபோது உலகக் கிண்ணம் முடிந்துகொண்டிருந்தது. யூன் 29 ஆம் நாள் பெலோ ஹொறிசொன்ரே நகரில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அணியிடம் இங்கிலாந்து 0-1 எனத் தோற்றது. நடுக்காவலர் இல்லாமையே காரணம் என்று இன்றும் சிலர் எழுதுகின்றனர். ஆராய்ந்து பார்ப்பின் இது பொருந்தாது. அன்று அவ்விடத்தில் ஆடிய லிவர்பூல் கழகத்து லோறி ஹியூஸ் குறைசொல்லத்தக்க ஆட்டம் ஆடவில்லை. எதிரணி அடித்தது ஒரே கோல். பின்னி, மனியன், மோட்டென்சன் ஆகியோர் நிரம்பிய முன்னணி, பல வாய்ப்புகளிருந்தும் ஒன்றேனும் அடிக்கவில்லை என்பதே உண்மை. அக்குறையை எந்தப் பின்காவலரும் தீர்த்திருக்க மாட்டார்.

அவருடைய இல்லாமை புலப்பட்டது அதற்குப் பிந்திய நான்கு ஆண்டுகளிலேயே. இங்கிலாந்து அவ்விடத்துக்கு ஒருவர்பின் ஒருவராகப் பலரைச் சோதித்தது. 1950 நவம்பரில் ஆர்செனல் கழகத்து லெஸ்லி கொம்ப்ரனை அழைத்தது. அப்போது அவருக்கு வயது 38. கோல் காப்பாளர் அல்லாத ஒருவர் அத்துணை முதிர்ந்த வயதில் இங்கிலாந்து அணியில் முதன்முதல் ஆடியது வேறெப்போதும் நிகழவில்லை. துடுப்பாட்ட வீரர் டெனிஸ் கொம்ப்ரனின் தமையனாராகிய அவர், மிடில்செக்ஸ் அணியின் இலக்குக் காப்பாளரும் ஆவார், நல்ல ஆட்டக்காரரே, ஆயினும் 38 வயதினரைத் தேடிச் செல்லவேண்டிய நிலை எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்க. பின்னர் கரையோர முன்னணியாளராகப் பெயர்பெற்ற ஜாக் புறொகற்றையும் நடுவில் நிறுத்திப் பார்த்தனர்.

1953 நவம்பர் 25 ஆம் நாள் வெம்பிளியில் ஹங்கேரி 6-3 என வென்றபோது இக்குறை அம்பலமாயிற்று. ஹங்கேரியின் மத்திய முன்னணியாளர் ஹிடெக்குற்றி முன்னே நில்லாது பின்வாங்கி நின்று ஆடினார். அவரைத் தொடர்ந்து சென்றால் பின்னே பெரும் வெளி விடப்படும். தொடராவிடின் அவர் தடையின்றி ஆடுவார். நடுக்காவலர் ஹரி ஜோன்ஸ்ரன் இவ்விரண்டிற்கும் இடையில் தடுமாற, ஹிடெக்குற்றி மூன்று கோல்கள் அடித்தார். நிழல்போல் தொடர்தலையே இலக்கணமாகக் கொண்ட 1925 இன் முறை, தொடரவொண்ணாத நிழலை அன்று சந்தித்தது. பிராங்கிளின் இருந்திருப்பின் என்னாகும்? இடமறிந்து நிற்பவர் ஆதலின் தோல்வி சிறிது குறைந்திருக்கலாம். வெற்றியாக மாறியிருக்கும் எனக் கூறுதல் மிகை. மறு ஆண்டு மே மாதத்தில் புடாபெஸ்ற் நகரில் தோல்வி 7-1 ஆயிற்று.

அவ்விடத்துக்கு உரியவர் 1954 உலகக் கிண்ணத்திலேயே கிடைத்தார். சிட் ஓவன் காயமுற, பில்லி றைற் வலப்புறத்திலிருந்து நடுவுக்கு மாற்றப்பட்டார். அங்கேயே 1959 வரை நின்று, 100 சர்வதேச ஆட்டங்களை எட்டிய உலகின் முதல் ஆட்டக்காரராகி, மொத்தம் 105 ஆட்டங்களில், 90 ஆட்டங்களில் தலைவராக, விளையாடி ஓய்ந்தார். றைற் பிராங்கிளினுக்கு இரண்டு வயது இளையவர். இருவரும் ஒரே வரிசையில் தோளோடு தோள் நின்றவர். றைற்றின் பெருமையைக் குறைத்தற்காக அன்று, 27 என்னும் எண்ணின் பொருளை உணர்த்தற்காகவே இதனைக் குறிப்பிடுகின்றேன்.

திரும்பிவந்த பிராங்கிளினுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஸ்ரோக் அவரை மீண்டும் ஆடவிடவில்லை. 1951 பெப்ரவரியில் ஹல் சிற்றிக்கு 22,500 பவுணுக்கு விற்றது. துரோகி என இகழப்பட்டவரின் விலை மத்தியூஸின் விலையிலும் ஏறத்தாழ இருமடங்கு! தண்டனை அவருக்கு, தொகை கழகத்துக்கு. ரேச் காற்றர் நடத்திய ஹல் கழகம் அன்று இரண்டாம் பிரிவில் இருந்தது. முழங்காற் காயங்கள் அவரைத் தொடர்ந்து வாட்டின. ஐந்து ஆண்டுகளில் 95 லீக் ஆட்டங்களே ஆடினார். 1956 இல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார். பின்னர் குறூ, ஸ்ரொக்போட் என இறங்குமுகமான கழகங்கள். அவற்றை விரித்தற்கு யாதுமில்லை. தேர்வுக் குழுவினர் மீண்டும் ஒருமுறையேனும் அவரை அழைத்திருக்கலாம். 38 வயதினரை அழைத்தவர்கள் 29 வயதினரைக் கண்டிலர். உடற்காயம் இருந்தது உண்மையே. ஆயினும் அழையாமைக்குக் காயம் மட்டுமே காரணம் என நம்புதல் கடினம்.

விதிகளின் கதை அவரின்றித் தொடர்ந்தது. வரம்பு 1951 இல் 14 பவுண், 1958 இல் 20 பவுண் எனச் சிறிது சிறிதாக உயர்ந்தது. ஜிம்மி ஹில்லின் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தமாக, 1961 சனவரியில் லீக் பணிந்து வரம்பையே நீக்கியது. அவ்வாண்டே புல்ஹம் கழகம் ஜொனி ஹேன்ஸுக்கு வாரம் 100 பவுண் கொடுத்தது. தனி ஒருவராகச் சென்று பிராங்கிளின் பெறவியலாததை, ஒன்றுகூடி நின்ற சங்கம் இருந்த இடத்திலிருந்தே பெற்றது. இரண்டாவது தளையை அறுத்தவர் ஜோர்ஜ் ஈஸ்ரம். நியூகாசில் கழகம் தம்மை விடுவிக்க மறுத்தபோது அவர் ஆட்டத்தைத் துறந்து வேறு வேலைக்குச் சென்றார். ஆர்செனலுக்கு மாறியபின்னும் சங்கத்தின் துணையோடு வழக்கை நடத்தினார். 1963 யூலையில் நீதிபதி வில்பர்போஸ், தக்கவைக்கும் முறை தொழிற் சுதந்திரத்தை நியாயமின்றித் தடுப்பது எனத் தீர்ப்பளித்தார். இதே ஈஸ்ரம் பின்னர் ஸ்ரோக் சிற்றியிற் சேர்ந்து, 1972 லீக் கிண்ண இறுதியாட்டத்தில் வெற்றிக் கோலை அடித்து, அக்கழகத்துக்கு முதலாவது பெருங் கிண்ணத்தைப் பெற்றுக் கொடுத்தார் என்பது வரலாற்றின் குறும்புகளுள் ஒன்று.

வில்பர்போஸ் தீர்ப்பு வெளிவந்த அதே 1963 இல் பிராங்கிளின் சைப்பிரஸ் நாட்டின் அப்போயல் கழகத்தில் பயிற்றுநராயிருந்து, ஆண்டு முடியுமுன் கொல்செஸ்ரர் யுனைற்றெட்டின் முகாமையாளரானார். மூன்றாம் பிரிவிலிருந்து வீழ்ந்த அக்கழகத்தை 1966 இல் மீண்டும் ஏற்றினார். 1968 இல் அது மறுபடி வீழ, பதவியை இழந்தார். பின்னர் ஒரு மதுச்சாலையை நடத்தி வாழ்ந்தார்.

ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரருக்குக் கழகம் விலை கேட்கலாம் என்ற எச்சமும், பெல்ஜியத்தைச் சேர்ந்த பொஸ்மன் தொடுத்த வழக்கில், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் எல்லை கடந்து மாறுவோரைப் பொறுத்தமட்டில், 1995 டிசெம்பர் 15 ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. அதன்பின் எட்டு வாரங்கள் கழித்து, 1996 பெப்ரவரி 9 ஆம் நாள், நீல் பிராங்கிளின் தமது 74 ஆவது வயதில் காலமானார்.